தாய்லாந்துப் படத்தில் என் தம்பி

மீன் ஸோஸ் மணம் தலைமயிரில் ஏறிவிட்டால் எத்தனை தரம் முழுகினாலும் போகாது. எண்பதுகளில் பாரிசில் அந்த மணத்தோடுதான் நான் லா சப்பலுக்கு வீடு திரும்புவேன். மெட்ரோவில் பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல எழும்பி வேறு இருக்கைக்குப் போவார்கள். எனக்கென்ன, கால் நீட்டி இருக்க இடம் கிடைத்தது...

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தாய்லாந்து ரெஸ்டோரன்ட். அங்கே பாத்திரம் கழுவினேன். முதலாளி மதாம் லெக். அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் ஒரே அளவு உடைசல், அதனால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

மத்தியானக் கூட்டம் கலைந்ததும் பின்னறையில் டிவியும் வீடியோ டெக்கும் ஓடத் தொடங்கும். பாங்கொக்கிலிருந்து வந்த கஸெட்டுகள். பேய், அடிதடி, கண்ணை உருட்டும் மாமியார்... பாஷை விளங்காவிட்டாலும் மாமியார் விளங்கினாள்.

ஆனால் நான் பார்த்தது தெருக்களைத்தான். என் தம்பி ரெஜி அந்த ஊரில்தான் காணாமல் போனான்.

ஏஜென்சிக்காரனை நம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து பாங்கொக் வழியாகப் பாரிசுக்கு வரப் புறப்பட்டவன். அங்கிருந்து ஒருமுறை போன் எடுத்துப் பேசினான். பிறகு மூச்சே இல்லை. அந்த வருடம் ஆடி மாதம் பாங்கொக்கில் லொட்ஜ் ஒன்றில் யாரோ யாழ்ப்பாணப் பெடியன் காய்ச்சலில் செத்துப்போனான் என்று ஒரு கதை வந்தது. பெயர் யாருக்கும் தெரியவில்லை. வேதக்கோயிலில் இரங்கல் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி ஊரில் சொந்தக்காரர் அம்மாவை நெருக்கினார்கள். "என்ரை பிள்ளை செத்தவன் எண்டு ஆர் கண்டது?" என்று அம்மா மறுத்துவிட்டார்.

அந்தக் கதை வந்து சில மாதங்களுக்குப் பிறகு, ஒருநாள் பின்னறையில் ஓடியது ஒரு பகிடிப் படம். தலைப்பாகை கட்டிய இந்தியக் கடலைக்காரன் ஒருவன், தலையில் தட்டோடு வந்தான். பொலிஸ்காரன் அவனை ஏசினான். கடலைக்காரன் இடக்கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைச் சொறிந்தான்.

அம்மா ஏசும்போதெல்லாம் ரெஜி அப்படித்தான் சொறிவான்.

வெங்காய மூட்டைமேல் அப்படியே இருந்துவிட்டேன். பாஷையூர் கோயிலில் பாடிய பிள்ளை, தலைப்பாகையோடு பாங்கொக் தெருவில் கடலை விற்கிறான். சமையல்காரர்கள் அவனைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள்...

பின்னேரம் என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

"முகம் அவன்தான். ஆனா குரல் அவன்ரை இல்லையப்பா. ஆரோ கிழவன்ரை குரல் மாதிரிக் கிடக்கு."

உண்மைதான். ரெஜியின் குரல் மெல்லியது. இதுவோ கரகரத்த, இழுத்து இழுத்துப் பேசும் கோமாளிக் குரல். எங்கள் படங்களிலும் இரவல் குரல் உண்டுதான், ஆனால் கதாநாயகிக்குக் கொடுப்பார்கள். போகிற வருகிற கடலைக்காரனுக்கும் யார் கொடுப்பார்கள்?

மதாம் லெக்கிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அவருடைய சின்ன வயதில் படங்களில் சத்தமே இருக்காதாம். மருந்து விற்கிறவர்கள் லொறியில் மெஷினைக் கொண்டுவந்து கோயில் வளவில் திரை கட்டுவார்களாம். கதை சூடு பிடிக்கும் நேரம் பார்த்துப் படத்தை நிறுத்தி மருந்து விற்பார்களாம். மெஷினுக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கோடு இருந்து, கதாநாயகன், கதாநாயகி, குழந்தை, நாய் எல்லாருக்கும் தானே பேசுவாராம். ஹிந்திப் படம் வந்தாலும் அதே ஆள்தானாம். நல்ல குரல்காரன் வருகிறான் என்றால் நடிகர் யாரென்று கேட்காமலே சனம் கூடுமாம்.

இப்போது படத்தில் சத்தம் இருக்கிறது, ஆனால் பழக்கம் போகவில்லை என்றார். நடிகர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். ஸ்டூடியோவில் வேறு ஆட்கள் பேசுவார்கள். வெளிநாட்டுப் படங்களுக்கு அரசாங்கம் வரியை ஏற்றியதிலிருந்து உள்ளூரில் படம் குவிகிறது. இந்திய முகம் வேண்டுமென்றால் லொட்ஜில் சும்மா இருக்கும் பெடியன்களைப் பிடித்துத் தலைப்பாகை கட்டிவிடுவார்கள்.

"அப்ப அது ரெஜிதான். அவன் உயிரோடை இருக்கிறான்" என்றார் இவர். அவருடைய கண் கலங்கிவிட்டது. உடனே போய் அம்மாவுக்குத் தந்தி அடிப்பது என்று முடிவெடுத்தோம். கோட்டைக்கூடப் போட்டுவிட்டோம்.

என்ன அவசரம் என்று மதாம் லெக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய முகம் மாறிவிட்டது. அவர்களுடைய புதுவருடமும் எங்களுடையதைப் போலச் சித்திரையில்தான். போன சித்திரைக்கு ஊருக்குப் போனபோது இந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தாராம்.

சித்திரை... காய்ச்சல் கதை வந்தது ஆடியில். படம் பிடித்தது சித்திரைக்கும் முன்னால்.

இவர் கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. ஒரே நாளில் தம்பியைக் கண்டெடுத்துத் திரும்பவும் தொலைத்தவளுக்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை.

தந்தி அடிக்கவில்லை. பிறகு எவ்வளவோ பேரை விசாரித்தோம், எந்தத் தகவலும் வரவில்லை. அம்மா கடைசிவரை அந்தப் பூசையை ஒப்புக்கொடுக்கவில்லை. நானும் இன்னும் கொடுக்கவில்லை.

இப்போது தாய்லாந்துப் படங்கள் பாரிஸ் தியேட்டர்களுக்கே வருகின்றன. மகளோடு போய்ப் பார்ப்பேன். நடிகர்கள் சொந்தக் குரலில் பேசுகிறார்கள். என் பேரன் தும்மினாலும் போனில் வீடியோ இருக்கிறது. ரெஜி நடந்து திரிவது இந்த உலகத்தில் அந்த ஒரு படத்தில் மட்டும்தான்.

கஸெட்டை மதாம் லெக் எனக்கே தந்துவிட்டார். மகள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்திருக்கிறாள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் போட்டுப் பார்ப்பேன். சத்தத்தை நிறுத்திவிடுவேன். அவன் வாய் அசையும்போது அவனுக்காக நான் பேசுவேன். ஏன் அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை என்று அவன் எனக்குக் காரணம் சொல்வான்...

ஒவ்வொரு முறையும் வேறு காரணம்.