பலகை பிடிக்காத மத்தியஸ்தர்

நாட்டுக் கிண்ணத்துக்கான உதைபந்தாட்ட நொக்கவுட் போட்டியில் ஒருமுறை தோற்றால் அந்த வருசம் அதோடு சரி. முதல் சுற்றுக்காக மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லோஞ்ச் என்கிற இயந்திரப் படகில் போனோம். அன்றைய மத்தியஸ்தரும் எங்களோடுதான் வந்தார். ஒல்லியான மனிதர், கறுப்புச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். கடல் தெறிக்கும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்த லேஞ்சியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

நடுக்குடாவில் இயந்திரம் நின்றுவிட்டது. இருக்கைப் பலகைகளைக் கழற்றித் துடுப்பாக்கி வலித்தோம். கரை தெரிந்தது, கிட்ட வரவில்லை. நாலு மணிக்கு ஆட்டம். அதிலிருந்து கால் மணித்தியாலத்துக்குள் போகாவிட்டால், மைதானத்தில் நிற்கிற அணிக்கே வெற்றி.

“சேர், நீங்களும் ஒரு பலகையைப் பிடியுங்கோவன்,” என்றேன்.

“ஏலாது தம்பி. நான் வலிச்சா உங்கட பக்கம் சேர்ந்ததாப் போகும். அங்க நிக்கிறவங்களுக்கு என்ன சொல்லுறது?”

“நீங்கள் இல்லாம அவங்கள் விளையாட ஏலுமோ?”

அவர் மறுபடியும் கடிகாரத்தைத் துடைத்துப் பார்த்தார். நாலேகாலுக்கு எழும்பி, ஆடுகிற லோஞ்சில் கால்களை அகட்டி நின்று, விசிலை நீளமாக ஊதினார்.

“வெற்றி அவங்களுக்கு.”

எங்கள் கோல் கீப்பர் பலகையைப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

மத்தியஸ்தர் கறுப்புச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். அந்தப் பலகையை எடுத்து வலிக்கத் தொடங்கினார். எங்களில் ஒருவருக்கும் அந்த வேகம் இல்லை. இவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டா சும்மா இருந்தார் என்று எனக்கு அழுகை வந்தது. அவரைத் திட்ட மட்டும் அன்றும் வாய் வரவில்லை, இன்றும் வரவில்லை.