கதவிடுக்கில் வைத்த விரல்

எனக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்த வாரம், என் மகன் ரைஸ் குக்கரைத் தூக்கிச் சுவரில் அடித்தான். சுடுசோறு என் காலில் கொட்டியது. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் ஃப்ளாட்டுச் சுவர்கள் அவ்வளவு மெல்லியவை.

எல்லாம் என் சேமநிதிக்காக. ஷா ஆலம் தொழிற்சாலையில் நின்றபடியே பெட்டி அடுக்கி, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த காசு அது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஐம்பத்தைந்து வயதில் அதை மொத்தமாக எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்துவிட வேண்டும். கார், கல்யாணம், கடை என்று ஏதாவது ஒன்று அதற்காகவே காத்திருக்கும். கொடுக்காதவள் தாயே இல்லை. என் மகனுக்கு லோரி வேண்டும். முன்பு கடனில் வாங்கிய வேனை பேங்க் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

“நீ செத்தா எனக்குத்தானே வரப்போகுது? இப்பவே குடு லா,” என்றான்.

நான் இன்னும் சாகவில்லையே என்றேன். அதற்குத்தான் குக்கர் பறந்தது.

மறுநாள் என்னைக் காரில் ஏற்றிச் சேமநிதி அலுவலகத்துக்குப் போனான். பணம் எடுக்கக் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மாட்டேன் என்று சொல்லத்தான் தெரியவில்லை. பெற்ற பிள்ளையிடம் அப்படிச் சொல்லிப் பழக்கமே இல்லை. அலுவலக வாசலில் இறங்கினேன். வலது கட்டைவிரலைக் கார் கதவிடுக்கில் வைத்து, மறு கையால் கதவை ஓங்கி அறைந்தேன். நகம் பிளந்தது. சட்டையெல்லாம் ரத்தம். வலியில் கண் இருட்டினாலும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இனி எந்த மெஷினுக்கும் என்னை அடையாளம் தெரியாது.

மகன் பதறுவான் என்று நினைத்தேன். அவன் டிஷ்யூவைச் சுற்றி என்னை உள்ளே இழுத்துப் போனான்.

கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் விரலைப் பார்த்து முகம் சுளித்தாள். “தாக் அப்பா காக், கிரி போன் போலே,” என்றாள். பரவாயில்லையாம், இடது விரலே போதுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். அப்புறம் வந்தது பாருங்கள் கோபம், என் மேலேயே. ஒரு வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு என் விரலை நானே நசுக்கிக்கொண்டிருக்கிறேன்! மகன் என் இடது கையைப் பிடித்து மெஷினில் அழுத்தப் பார்த்தான். அவன் மணிக்கட்டைக் கடித்தேன். பல் பதிந்தது.

“குடுக்க மாட்டேன்டா! நான் சாகற வரைக்கும் சாப்பிடணும்!”

அத்தனை பேர் முன்னால் என்னை அறைந்தான். காவலாளி அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனார். அந்தப் பெண் தண்ணீர் கொடுத்து, மாதாமாதம் கொஞ்சமாக எடுக்கவும் வழி இருக்கிறது என்றாள். கன்னம் எரிய எரிய, அதற்கு இடது விரலை நானே வைத்தேன்.

இப்போது அவன் செமினி டவுனில் தனியாக இருக்கிறான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கம்பிக்கதவுக்கு வெளியே நிற்பான். பெற்ற வயிறு, கேட்குமா? தட்டில் சோறும் கறியும் போட்டு நீட்டுவேன். நின்றபடியே சாப்பிடுவான். லோரிப் பேச்சை எடுத்தால் தட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.