ஞானதாஸ் கையோடு போன பிரசங்க நோட்டு

சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தபோது ஞானதாஸின் மகள் ஷீபா போனில் கூப்பிட்டாள். "அங்கிள், அப்பா போயி" என்றாள். பின்னால் ஒப்பாரி கேட்டது. பையைக் கடையிலேயே விட்டுவிட்டுப் பாறசாலை பஸ் ஏறினேன்.

ஆவணக் காப்பகத்தில் இருபத்திரண்டு வருஷம் என் பக்கத்து மேசை அவருடையது. அவரை அறிந்த நண்பர்களே, உங்களுக்கு அந்தத் துணி சுற்றிய நோட்டையும் தெரியும். முந்நூறு வருஷத்துக்கு முன்பு கீழைக் கடற்கரையில் ஓர் உபதேசியார், பாதிரியார் பேசப் பேச எழுதிய பிரசங்கங்கள். ஞானதாஸின் முன்னோர் வழியாக வந்தது. வேறு பிரதி கிடையாது. எழுதியவர் ஓரத்தில் தன் பங்குக்கும் குறித்துவைப்பார்: 'இங்கே சனங்கள் அழுதார்கள்.' ஓரிடத்தில், 'ஒருவரும் அழவில்லை.' அதைக் காட்டிக் காட்டி ஞானதாஸ் அன்று முழுக்கச் சிரித்தார். "பாதிரியாரை எல்லாரும் புகழ்வாங்க. எனக்கு இந்த ஆளு போதும் சாரே" என்றார்.

படம் எடுத்து வைப்போம் என்று அவரோடு எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! மசியவே மாட்டார். "படம் எடுத்தா பூட்டி வெச்சிருவோம். கையால எழுதினாத்தான் வாசிப்போம்." அந்தக் கையெழுத்து அவர் ஒருவருக்குத்தான் பிடிபட்டிருந்தது. நாளுக்கு ஒரு பக்கம் பெயர்த்தெழுதி, தாளை என்னிடம் தருவார். பாதியைத் தாண்டவில்லை, நெஞ்சுவலி முந்திக்கொண்டது.

இறந்தவர் கையில் அவருடைய பைபிளை வைத்து அடக்கம் செய்வது அவர்கள் வீட்டு வழக்கம். நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடும் நேரம். ஞானதாஸின் கைகளுக்கு அடியில் அந்தத் துணிச் சுற்று இருந்தது. அவர் மனைவியிடம் மெல்ல, "அக்கா, இது..." என்றேன்.

"பைபிளைவிட இதைத்தானே எப்பவும் கையில வெச்சிருந்தாரு. கொண்டு போகட்டும்" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார். சொல்லவில்லை. பெட்டியை மூடினார்கள், நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

நோட்டு எங்கே என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். இதுதான் பதில். இடவப்பாதிப் பருவமழை பெய்து ஓய்ந்துவிட்டது; இனித் தோண்டினாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. முந்நூறு வருஷம் கரையானுக்குத் தப்பியதை நான் வாயை மூடிக்கொண்டு நின்று தொலைத்தேன். எனக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம்.

என்னிடம் இருப்பவை அவர் கைப்பட எழுதிய தாள்கள் மட்டும். கடைசித் தாள் 'ஆகையால் பிரியமானவர்களே' என்று நிற்கிறது. ஓரத்தில் ஒன்றுமில்லை. அங்கே சனங்கள் அழுதார்களா என்றுகூட இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.