அமத்திப் பிடிக்காத இடம்

பிரியமான சகோதரங்களே, அன்றைக்கு நான் முதலில் அடித்தேன், பிறகுதான் செபித்தேன்.

போன மாரிக் குளிரில் ஒரு மத்தியானம். அடி தாங்காமல் என் மகள் மெலனி ஸ்காபரோப் பக்கம் மில்லிக்கனில் இருக்கும் என் வீட்டுக்கு ஓடி வந்திருந்தாள். பின்னாலேயே மருமகன் டானி குடிவெறியில் வந்தான். குசினிச் சுவரோடு அவளை அழுத்திக் கழுத்தை நெரித்தான். அவள் போட்டிருந்த, மாதா சுரூபம் கோத்த சங்கிலி அறுந்து விழுந்தது. பிள்ளையின் முகம் நீலமாகிவிட்டது. தோசைக்கல்லைத் தூக்கி அவன் தலையில் போட்டேன். இரத்தம் சீறியது. முழந்தாளிட்டுக் கதறினேன். “ஐயோ மாதாவே, இவன் என்ர பிள்ளையைக் கொல்லப் போறான், இல்லாட்டி நான் இவனைக் கொல்லப் போறன்!”

டானி இந்த நாட்டின் பூர்வகுடி மகன். குடிக்காத நேரத்தில் வாயில்லாப் பூச்சி. குடித்தால் கதவு உடையும், பல்லும் உடையும். அன்றைக்குப் பொலிஸ் வந்தது. நீதிமன்றம் அவனை ஒரு மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து ஓடி வந்தான்.

எங்கள் செபக்கூட்டத்துக் குருவானவர், சுவாமி, அவன் தலையில் கை வைத்தால் எல்லாம் சரியாகும் என்று நானே முடிவு கட்டினேன். “யேசுவே, இவனை எங்கட செபக்கூட்டத்துக்குக் கொண்டு வாரும்” என்று ஆண்டவருக்கு ஒரே கரைச்சல் கொடுத்தேன்.

உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய தபசு காலத்தில், மெலனி கேட்டதற்காக, ஸ்காபரோவில் நடந்த கூட்டத்துக்கு வந்தான். வெள்ளை அங்கியோடு சுவாமி அவன் தலையில் கை வைத்தார். அவ்வளவுதான். அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கதிரையைத் தூக்கி அடித்தான். மாதாவின் கண்ணாடிக் கூடு நொறுங்கியது.

“பேய் பிடிச்சிருக்கு, அமத்திப் பிடியுங்கோ!” என்று ஒரு அண்ணை கத்தினார். நாலைந்து பேர் அவன்மேல் விழுந்தார்கள். ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றினார். நானும் காலைப் பிடித்தேன். மூச்சு முட்ட முட்ட “மம்மி, மம்மி” என்று அழுதான் அந்த ஆம்பிளை.

மெலனி என்னை இழுத்துத் தள்ளினாள். “ஸ்டொப் அம்மா! டானியின்ர அம்மாவை, அவ சின்னப் பிள்ளையா இருக்கேக்க, மற்றப் பூர்வகுடிப் பிள்ளையளைப் போல பிடிச்சுக்கொண்டு போய் ஒரு சர்ச் போர்டிங் ஸ்கூலில அடைச்சவை. உப்பிடி அங்கி போட்ட ஆக்கள்தான் அமத்திப் பிடிச்சு அடிச்சவை. அவ பிறகு குடிச்சுப்போட்டு டானியை அடிச்சவ!”

மற்றவர்களும் அவனை விட்டுவிட்டு எழுந்தார்கள். உடைந்த கண்ணாடிக்கு நடுவில் இருந்து, முதன்முறையாக ஆண்டவருக்கு வழி சொல்லாமல் செபித்தேன். “எங்கயெண்டாலும் கொண்டு போம். உமக்குத் தெரியும்.”

அதே கிழமை, பூர்வகுடி மக்களே நடத்தும் ஒரு நிலையத்தில் இடம் கிடைத்தது. முன்பு மெலனி கேட்டபோது இடமில்லை என்று கைவிரித்தவர்கள் தாங்களாகவே கூப்பிட்டார்கள்! போய்ப் பார்த்தால் மூலிகைப் புகை, மேளம், அவர்களுடைய மொழியில் செபம். ஒரு சிலுவைகூட இல்லை. இங்கே எப்படிச் சுகம் வரும் என்று நினைத்தேன். ஆனால் டானி ஓடவில்லை.

அந்த நிலையம் அவர்களுடைய மக்களுக்கு உண்மையில் பொருந்துகிறதா என்று மதிப்பிட ஒரு பெண் வந்து எங்களிடமும் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல மெலனி மொழிபெயர்த்தாள்.

“முதல் போன இடத்தில டொக்டர்மார் நல்லவைதான் பிள்ளை. ஆனா நீ ஆற்ர பிள்ளை, எந்தச் சனம் எண்டு அவனை ஒருத்தரும் கேக்கேல்லை. இஞ்ச அதைத்தான் முதல் கேட்டவை. அவன் கத்தி அழேக்க ஒருத்தரும் அமத்திப் பிடிக்கேல்லை. பக்கத்தில இருந்தவை. வடிவா எழுதுங்கோ.”

“குறை ஒன்றும் இல்லையா?”

“ஏன் இல்லை? இடம் காணாது. வெளியில எத்தினை தாய்மார் அழுதுகொண்டு நிக்கினம்! அதையும் எழுதுங்கோ.”

மகள் இன்னும் என்னோடுதான் இருக்கிறாள். அவசரமில்லை. இந்த உயிர்ப்புப் பெருநாளுக்கு டானி குடியில்லாமல் வந்தான். அறுந்த சங்கிலியை ஒட்டுவித்துக் கொண்டு வந்திருந்தான். “நான் போட்டு விடலாமா?” என்று கேட்டுவிட்டு எட்டவே நின்றான். மெலனி யோசித்தாள். பிறகு தலைமயிரை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டித் திரும்பி நின்றாள். அவன் கைகள் அவள் கழுத்துக்குப் போயின. என் கண் தோசைக்கல்லைத் தேடியது, பொய் சொல்லமாட்டேன். சங்கிலியைப் பூட்டியதும் அவன் கையை எடுத்துவிட்டான்.

யேசுவே, உமக்கு நன்றி. வீட்டில் அடி உதையோடு இருக்கிற சகோதரிகளே, முதலில் உயிரோடு வெளியே வாருங்கள். பிறகு விடாமல் செபியுங்கள். எந்த வாசலால் உதவி வரவேண்டும் என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள்.