மணி அடிக்காத மத்தியானம்

மணி அடிக்கவே இல்லை. அதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

போன மே மாதம். கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரைக்கு, ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். என் கூடப் பிறந்த அக்கா. சாப்பிட்டு முடித்து, சமையலறையில் அவளோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். வாசல் கதவு திறந்து கிடந்தது. நாற்காலியில் அக்காவின் கணவர் சேவியர் மாமா இல்லை.

"அக்கா... மாமா எங்க?"

ஓடி வந்தாள். நாற்காலியைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து கதவுக்கு மேலே பார்த்தாள்.

அங்கே பாதி எலுமிச்சம்பழம் அளவில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் மூடி. அதற்குள் சென்சார். அக்கா தானே செய்து மாட்டியது.

மாமா ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு வருடமாக ஞாபகம் நழுவிக்கொண்டே வருகிறது. திடீரென்று "டூட்டிக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார். கதவைப் பூட்டினால்? கதவை அடித்து அடித்து அழுவார். அதைக் கேட்டுக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? அதனால் பூட்டு வேண்டாம், மணி போதும் என்று அக்கா முடிவெடுத்தாள். ஸ்கூலில் ஃபிசிக்ஸ் டீச்சராக இருந்தவள். கையில் ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் கிடைத்தால் பசி தெரியாது அவளுக்கு.

அந்தச் சென்சார் தன்னிடமிருந்து அலை எதையும் வெளியே அனுப்பாது. வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் — வெப்பத்தை மட்டும். உள்ளே இரண்டு கண்கள். இரண்டுக்கும் ஒரே அளவு சூடு தெரிந்தால் பேசாமல் இருக்கும். சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒரு உடம்பு குறுக்கே நடந்தால், முதலில் ஒரு கண்ணுக்குத் தெரியும், பிறகு அடுத்ததற்கு. அந்த வித்தியாசம் போதும்... சமையலறையில் மணி அடித்துவிடும்.

டிசம்பரில் பூனை வந்தால்கூட அடித்தது. அக்கா நிம்மதியாகக் குளித்தாள். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். வீட்டுக்கு ஒரு ஆள் கூடிவிட்ட மாதிரி இருந்தது.

இப்போது அந்த ஆள் வாய் திறக்கவில்லை.

"செருப்பு இங்கயே கிடக்குடா" என்றாள் அக்கா. வெறுங்காலோடு, அந்த வெயிலில்!

பக்கத்து வீட்டு ஆயிஷா அக்காவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் கிளம்பினோம். "பொன்மலைக்குப் போ. வேலைக்குத்தான் கிளம்பியிருப்பாங்க" என்றாள். அவர் பல வருடம் வேலைக்குப் போன வழி. ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டோம். சர்பத் கடையில் கேட்டோம். "வெள்ளச் சட்ட, நீலக் கைலி... பாத்தீங்களா?" யாரும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் தெருவில் இருந்ததே நாலைந்து பேர்தான்.

தண்டவாளம் ஓரமாகப் போகும்போது தூரத்தில் ரயில் ஹாரன் கேட்டது. என் தோளில் இருந்த அக்காவின் கை இறுகியது. என்ன நினைத்தோம் என்று இருவருக்கும் தெரியும்.

ரயில் போய் முடிந்தது. தண்டவாளத்தில் யாரும் இல்லை. வெயில் மட்டும் தகதகவென்று...

"இன்னொரு தடவ சுத்திப் பாத்துரலாம்க்கா" என்று நான் வண்டியைத் திருப்பும்போது அவள் போன் அடித்தது. புது நம்பர்.

"அம்மா, இங்க ஒரு ஐயா வந்திருக்காங்க. சட்டக் காலர்ல இந்த நம்பர் எழுதியிருந்துச்சு..."

சலவைக்காரர் பயன்படுத்தும் மையால் எல்லாச் சட்டையிலும் அக்காதான் எழுதி வைத்திருந்தாள்.

நாங்கள் தேடிய திசைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை. உள்ளே ஸ்டூலில் மாமா. பாதங்கள் சிவந்து கொப்பளித்திருந்தன. போன் செய்த விற்பனைப் பெண் ஈரத்துணியால் அவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வாசல்ல வந்து நின்னாங்கம்மா. கண்ணாடிக் கதவு தானா திறந்துச்சு. கும்பிட்டுட்டு உள்ள வந்து உக்காந்துட்டாங்க" என்றாள்.

அக்கா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "ஏன் வேர்த்திருக்கு உனக்கு?"

அழுது முடித்த பிறகுதான் அந்தக் கதவைப் பார்த்தாள். மேலே கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி. "இது சூட்டப் பாக்காதுடா. ரேடியோ அலைய அனுப்பும். எது நகந்தாலும் திரும்பி வர்ற அலை மாறிடும். இதுக்கு வெயிலும் ஒண்ணுதான், குளிரும் ஒண்ணுதான்."

"நம்ம வீட்டுல இருக்கறது?"

அக்கா அந்தப் பெட்டியை மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். "மேக்கு பாத்த ஹால். செவுரே அவங்க உடம்புச் சூட்டுல இருந்திருக்கு. ரெண்டும் ஒரே சூடு. அதுக்கு அவங்க தெரியவே இல்ல."

சென்சார் கெட்டுப்போகவில்லை. தூங்கவும் இல்லை. அது பார்த்துக்கொண்டேதான் இருந்தது... அதன் கண் முன்னாலேயே ஒரு மனிதர், சுவரோடு சுவராகக் கரைந்து வெளியே போயிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். மணி அடிக்கவில்லை என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? யாரும் கடக்கவில்லை என்று. கடந்தது அதற்குத் தெரியவில்லை என்றும் இருக்கலாம் அல்லவா? இரண்டு மௌனமும் ஒரே மாதிரிதான் இருக்கும். மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான். 'ஒண்ணும் சொல்லலையே, நல்லாத்தான் இருப்பாங்க' என்று எத்தனை பேரை விட்டுவிடுகிறோம்?

மாமாவின் கால் ஆற நாளாயிற்று. அதற்குள் அக்கா, கடைக்கதவில் இருந்த மாதிரி அலை அனுப்பும் ஒரு ரேடார் சென்சாரை வாங்கி மாட்டிப் பார்த்தாள். அது மரக்கதவையும் தாண்டி, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் அடித்துத் தீர்த்தது. கழற்றிவிட்டாள். இப்போது கதவில் ஒரு காந்தம், நிலைச்சட்டத்தில் ஒரு சின்ன சுவிட்ச். ஒன்றையொன்று தொடாது. கதவு திறந்து காந்தம் விலகினால் மணி. யார் போனார்கள், என்ன சூடு என்றெல்லாம் கேட்காது.

அப்படியும் அவள் அதை முழுசாக நம்புவதில்லை. தினமும் மத்தியானம் தானே கதவைத் திறந்து பார்க்கிறாள். மணி அடிக்கிறது. உள்ளேயிருந்து மாமா தினமும் கேட்கிறார், "யாரு வந்திருக்கா?"

"நான்தாங்க" என்கிறாள் அக்கா.