புழுவுக்குச் சலித்த ஓட்ஸ்

மகன் கனடாவுக்குப் போகும்போது ஒரு கண்ணாடிப் பெட்டியை எங்களிடம் விட்டுப் போனான். உள்ளே ஒரு பல்லி. நம் சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளியும் விரல் மாதிரித் தடித்த வாலும் உள்ள வெளிநாட்டு ஜாதி. "ஆறு மாசம் டாடி, வந்து எடுத்துக்கறேன்" என்றான். வருஷங்கள் போய்விட்டன.

கெட்ட பிள்ளை இல்லை. பணம் அனுப்புகிறான். ஆனால் எங்களோடு பேச அவனுக்கு விஷயம் கிடையாது. நான் பத்தாவது படித்து, எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் வேலையைப் பற்றி எனக்குக் கேட்கவும் தெரியாது. பல்லியைப் பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு வீடியோ கால் போடுவான். அது இரை பிடிப்பதைப் பார்த்துச் சிரிப்பான். என் மனைவி அந்த நேரம் பார்த்துத் தன் முகத்தையும் போனுக்குள் நுழைத்து, "சாப்ட்டியா கண்ணு?" என்பாள். "சாப்ட்டேன் மம்மி" என்பான். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அந்தப் பல்லியை நாங்கள் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

அது உயிருள்ள புழுவைத்தான் தின்னும். பிளாஸ்டிக் தட்டில் ஓட்ஸைப் பரப்பி மாவுப்புழு வளர்த்தோம். புழு கூட்டுப்புழுவாகிக் கறுப்பு வண்டாகும். வண்டு முட்டையிட்டு மறுபடி புழு வரும். புது ஓட்ஸ் வேண்டாம், தேதி முடிந்ததே போதும், பூஞ்சை மட்டும் இருக்கக் கூடாது என்று மகனே சொன்னான். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தெருமுனைக் கன்னடக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"நாய்க்கா அங்கிள்?"

"புழுவுக்குப்பா."

"அய்யோ தேவரே! புழு வந்துடும்னு நான் குப்பையில போட்றேன், நீங்க புழுவுக்கே வாங்கினு போறீங்களா!"

சிரித்தாலும், அன்றிலிருந்து தேதி முடிந்த ஓட்ஸ், கார்ன்ஃப்ளேக்ஸ் பாக்கெட்டுகளை எனக்கென்று எடுத்து வைத்தார். மேல்வீட்டுப் பெண்ணும் கிண்டல் செய்வாள். "சமையல்கட்டுப் பல்லிக்குத் தொடப்பக்கட்டை, இதுக்கு மட்டும் பெட்டிக்குள்ள ஹீட்டரா ஆன்ட்டி?" மனைவி எதுவும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். தட்டில் ஓட்ஸ் போடுமுன் சிலுவை அடையாளம் போடுவாள்.

போன மழைக்காலத்தில் வந்த பாக்கெட்டில் சின்னச் சின்ன அரிசி வண்டுகள் ஓடின. "நாம திங்காதத அதுங்களுக்கு எப்படிங்க போடறது? அதுங்களும் ஆண்டவர் படைச்சதுதானே" என்று ஓட்ஸைச் சலித்து, மொட்டைமாடியில் காயவைத்து, டப்பாவில் அடைத்து வைத்தாள்.

அந்த ஓட்ஸ் போட்ட பிறகு புழுக்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துச் செத்தன. சாகாதவற்றைப் பொறுக்கிப் பல்லிக்குக் கொடுத்துவந்தோம். பிறகு அதுவும் வாய் திறக்கவில்லை. தடித்த வால் சூம்பிப்போனது.

நான் அந்தோனியார் சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றினேன். சர்ச் வேலைகளைக் கவனிக்கும் கோயில் பிள்ளை, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். "வீட்ல" என்று மட்டும் சொன்னேன்.

இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற டாக்டர் ஊரின் மறுகோடியில் இருந்தார். புழுவுக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டதும் மனைவி முந்திக்கொண்டாள்.

"சுத்தமாத்தான் சார் போட்றேன். வண்டு விழாம இருக்க, ரேஷன் அரிசிக்குக் கலக்கற மாதிரி போரிக் பவுடர் கலந்துதான் வெக்கறேன்."

எனக்கே அப்போதுதான் தெரியும். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, அரிசிய நீங்க கழுவிட்டு ஆக்கறீங்க. புழு எங்கம்மா கழுவும்? வண்ட ஒழிக்கற பவுடர். நீங்க வளக்கறதும் வண்டுதானே?"

அதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அவள் காதில் அது விழவில்லை. ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "நல்லதுக்குத்தாங்க செஞ்சேன்" என்றாள். சிக்னலுக்குச் சிக்னல் அதையே சொன்னாள்.

சனிக்கிழமை விடியும்போது பல்லி செத்துக் கிடந்தது. ரோஜாத் தொட்டியில் புதைத்தோம். "தூங்குதுன்னு சொல்லிடுங்களேன்" என்று கெஞ்சினாள். பூசையில் நன்மை அப்பம் வாங்கிய நாக்கால் எப்படிப் பொய் சொல்வது? மறுநாள் மகன் கூப்பிட்டதும் நடந்ததைச் சொன்னேன், பவுடர் விஷயத்தையும்தான்.

"சரி டாடி. பரவால்ல. அதுக்கும் வயசாச்சு."

மனைவி எட்டிப் பார்த்து, "சாப்ட்டியா..." என்பதற்குள் திரை அணைந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நான் கூப்பிட்டால், "மீட்டிங்ல இருக்கேன் டாடி" என்பான். கோபம் என்றால் ஒருநாள் தீரும். அவனுக்குக் கோபமே இல்லை. மாதப் பணம் மட்டும் தவறாமல் வருகிறது.

தட்டில் சில கூட்டுப்புழுக்கள் தப்பியிருந்தன. அவற்றிலிருந்து வண்டு வெளிவந்ததும் மனைவி பழைய ஓட்ஸை எல்லாம் கொட்டிவிட்டு, கடைக்காரர் புதிதாகக் கொடுத்த பாக்கெட்டைப் பிரித்துப் போட்டாள். சலித்ததோடு சரி, எதையும் கலக்கவில்லை. தின்னப் பல்லி இல்லாத வீட்டில் புழுக்கள் பெருகின.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், "தட்ட ஒரு போட்டோ புடிச்சு அவனுக்கு அனுப்புங்க. புழு நல்லா இருக்குன்னு எழுதுங்க" என்றாள்.

அனுப்பினேன். சற்று நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாயின.

"பாத்துட்டானா?"

"பாத்துட்டான்."

போனை என் கையிலிருந்து வாங்கித் தட்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.