ஆஸ் ஒன்றா, பெரிசா?

பொங்கலுக்கு வந்த தம்பி கூடத்தில் உட்கார்ந்து சீட்டு கலைக்கிறான். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிகிறது.

செம்மண்டலத்து வீட்டில் அப்பா கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுச் சீட்டு போடுவார். ஆளுக்கு மூன்று. கையில் சின்னச் சீட்டு வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார். ஜோடி வந்தால் தொலைந்தோம். ஆஸை ராஜாவுக்கு மேலே வைக்காமல், ஒன்று என்று வைத்துத்தான் எப்போதும் ஆடினோம்.

நான் எட்டாவது படித்த 2006இல், சிதம்பரத்துச் சித்தப்பா எங்களில் ஒரு பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து இங்கிலீஷ் மீடியம் படிக்க வைப்பதாகச் சொன்னார்.

"சண்டை எதுக்கு, சீட்டு சொல்லட்டும்" என்றார் அப்பா.

தம்பிக்கு மூன்று, ஐந்து, ஆறு. எனக்கு ஆஸ், இரண்டு, நான்கு. துணி எடுத்து வைக்க எழுந்தே விட்டேன்.

அப்பா என் ஆஸை விரலால் தட்டினார். "ஆஸு பெருசும்மா. அவன்தான் போறான்."

"இவ்ளோ நாளு ஒண்ணுதானேப்பா?"

"அது சும்மா ஆடுனப்ப."

அம்மா அடுப்படியை விட்டு வரவே இல்லை. முடிவு முன்பே ஆகிவிட்டது. பிறகு என்னை எதற்கு ஆட வைத்தார் என்பதுதான் இன்றும் ஆறவில்லை. தம்பி இன்ஜினியர் ஆனான். நான் பத்தாவதோடு நின்றேன்.

இப்போது என் மகள் மூன்று சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனைக் கேட்கிறாள்: "மாமா, ஆஸு ஒண்ணா, பெருசா?"

"மொதல்ல ஆடு பாப்பா. அப்பறம் சொல்றேன்" என்கிறான்.